ஆன் பண்ணியாச்சு, அப்புறம் என்னதான் பண்ணுது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரியில் என் கடைக்கு வருகிறவர்கள் குடையை மறந்தாலும் மறப்பார்கள், லேப்டாப்பை மட்டும் ஸ்வெட்டருக்குள் அணைத்து நனையாமல் கொண்டுவந்துவிடுவார்கள். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், நடுநடுவே கம்ப்யூட்டர் சர்வீஸ். அப்படி ஒரு காலையில் வந்தவர் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வீடு கட்டபெட்டுப் பக்கம். பேரன் வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பில் பென்ஷன் கணக்கு பார்ப்பார், கரண்ட் பில் கட்டுவார், பழைய பாட்டு கேட்பார்.

"தம்பி, ஆன் பண்ணிட்டு அடுப்புல டீ வெச்சேன். குடிச்சு முடிச்சு டம்ளரையும் கழுவி கவுத்தாச்சு. வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. கடுப்புல பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டேன். முன்னைக்கு இப்ப மோசம்."

"எத்தனை தடவை அமுக்குனீங்க மாமா?"

"இன்னிக்கு நாலு."

மெஷினின் நோயில் பாதி அந்த நாலு அமுக்கலில் இருந்தது. அதை அப்படியே சொன்னால் பெரியவர் மனம் நோகும். அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். "ஒரு வாரம், ஒரு தடவை ஆன் பண்ணின பிறகு மறுபடி பட்டனைத் தொடாதீங்க. நோட்டு போட்டு, நேரா கோடு கிழிச்சு மூணு கலம் எழுதுங்க. பட்டனை அமுக்குனதுல இருந்து வட்டம் சுத்த ஆரம்பிக்கிற வரைக்கும் எவ்வளவு நேரம், அங்கிருந்து பாஸ்வேர்டு கேக்குற வரைக்கும் எவ்வளவு, பாஸ்வேர்டு போட்ட பிறகு, டிஸ்க் வேலை செய்யும்போது துடிக்கிற இந்தச் சின்ன விளக்கு அடங்குற வரைக்கும் எவ்வளவு. இன்னிக்கு என்ன கிழமை, கரண்ட் போச்சா, மழையா, அதையும் ஓரத்துல எழுதிடுங்க."

கணக்கு எழுதியவரிடம் கலம் போடச் சொன்னால் மறுப்பாரா? அடுத்த வாரம் நோட்டோடு வந்தார். அந்த நோட்டை வைத்துக்கொண்டு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

எல்லாம் மறந்துபோன ஒருவரை எழுப்புவது

நாம் காலையில் கண் விழிக்கும்போது நேற்றைய நினைவுகள் தலையில் அப்படியே இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது வேலை செய்யும் இடத்துக்கு ரேம் என்று பெயர். மின்சாரம் இருக்கும் வரைதான் ரேமில் எதுவும் நிற்கும். மின்சாரம் நின்றதும் அதில் இருந்தது அத்தனையும் அழிந்துவிடும். மெஷினையே நடத்தும் விண்டோஸ், உங்கள் போட்டோக்கள், பாட்டு எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் டிஸ்கில் இருப்பதை எடுத்து ரேமில் வைத்தால்தான் ஓட முடியும். ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் அந்தக் குடிமாறும் வேலை முழுவதும் முதலிலிருந்து நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிஸ்கிலிருந்து எதையாவது படிக்க வேண்டுமென்றால் 'டிஸ்கை எப்படிப் படிப்பது' என்று சொல்லும் நிரல், அதாவது புரோகிராம், ரேமில் இருக்க வேண்டும். அந்த நிரலோ டிஸ்கில் இருக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். 1975-இல் அமெரிக்காவில் வந்த ஆல்டேர் 8800 என்ற மெஷினில் இந்தச் சிக்கலை மனித விரல்தான் தீர்த்தது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். துளைகளாகத் தகவல் பதித்த காகித நாடாவைப் படிக்கத் தெரிந்த ஒரு குட்டி நிரலை, மேலே கீழே மேலே என்று சுவிட்சைத் தட்டித் தட்டி ரேமுக்குள் ஏற்ற வேண்டும். பிறகு அந்தக் குட்டி நிரல் நாடாவிலிருந்து பெரிய நிரலை இழுத்து வரும். கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து தட்ட வேண்டும். சொந்தக் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அதிலிருந்து வந்ததுதான் 'பூட்' என்ற சொல்.

இன்று அந்தக் குட்டி நிரலை ஒரு சிப்பில் எழுதி, எல்லாப் பாகங்களும் இணையும் பலகையான மதர்போர்டிலேயே பதித்துவிடுகிறார்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அதில் எழுதியது அழியாது. பழைய மெஷின்களில் அதற்குப் பெயர் பயாஸ், புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. பட்டனை அமுக்கியதும் மெஷினின் மூளையான பிராசஸர் யோசிக்காமல் போய் நிற்கும் முகவரி அதுதான். அந்த நிரல் எழுந்ததும் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கும். ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, திரை இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரி என்றால் சில மெஷின்களில் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அப்புறம் டிஸ்கைத் தொடும்.

பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் பயாஸ் எடுத்து வரும். பைட் என்பது தகவலை அளக்கும் சின்ன அலகு, ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். அதிலும் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். மீதியில் டிஸ்கை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்ற அட்டவணையும் ஒரு முத்திரையும் இருக்கும். 446 பைட் எவ்வளவு சிறியது தெரியுமா? இணையத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கிறது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. இப்போது நீங்கள் படிக்கும் இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது. அவ்வளவு சிறிய நிரலால் விண்டோஸை ஏற்ற முடியாது. தன்னைவிடக் கொஞ்சம் பெரிய ஆளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அந்த ஆள் அதைவிடப் பெரிய ஆளை எழுப்புவார். கடைசியில் எழுவது கெர்னல், அதாவது விண்டோஸின் உள்கட்டு. அது திரை, வைஃபை, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்குமான டிரைவர்களை, அதாவது அவற்றை இயக்கத் தெரிந்த நிரல்களை, ஏற்றும். அதன்பின் நம் கண்ணில் படாமல் பின்னணியில் ஓடும் நிரல்களான சர்வீஸ்கள் வரும், பாஸ்வேர்டு திரை வரும், கடைசியாக உங்கள் டெஸ்க்டாப் வரும்.

டிஸ்க் ஏன் இவ்வளவு திணறுகிறது

மாமாவின் லேப்டாப்பில் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். ஒரு கை அந்தத் தட்டின் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கும். பழைய கிராமபோனை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இதில் முள் தட்டைத் தொடாது.

தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 11 மில்லி செகண்ட் ஆகும். ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினொன்று. வேண்டிய இடம் கைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும், அது ஐந்தரை. கை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 17, 18 மில்லி செகண்ட். ஒரு செகண்டுக்குச் சுமார் 55, 60 துண்டுகள்தான் தேறும்.

நம் ஊர்க் கொழுந்து லாரியை வைத்து இதைப் பாருங்கள். ஆயிரம் கிலோ கொழுந்தும் ஒரே ஷெட்டில் மூட்டை கட்டிக் கிடந்தால் லாரி ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய்விடும். அதே ஆயிரம் கிலோ, அரவேணுவில் அஞ்சு கிலோ, கட்டபெட்டில் அஞ்சு கிலோ, சோலூர்மட்டத்தில் அஞ்சு கிலோ என்று சிதறிக் கிடந்தால்? மூன்றும் கோத்தகிரியிலிருந்து மூன்று திக்கு. லாரியின் இன்ஜினில் குறையே இல்லை, ஆனால் பொழுது முழுவதும் வளைவு திரும்புவதிலேயே போய்விடும்.

டிஸ்கும் அப்படித்தான். ஒரே சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் செகண்டுக்கு 100 எம்.பி. வரை தள்ளும். ஆனால் ஆன் ஆகும்போது கேட்கப்படுவது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். 4 கே.பி. துண்டாக 60 துண்டு என்றால் செகண்டுக்குக் கால் எம்.பி.கூட வராது. அதே டிஸ்க், அதே தட்டு, அதே கைதான். விண்டோஸ் தன்னால் முடிந்தவரை ஃபைல்களை வரிசைப்படுத்தி வைக்கப் பார்க்கும். இருந்தாலும் ஓட்டம் ஓட்டம்தான்.

டெஸ்க்டாப் வந்ததும் நாம் செய்கிற தப்பு இங்கேதான் புரியும். பிரவுசரை கிளிக் செய்கிறோம், திறக்கவில்லை. இன்னொரு தடவை கிளிக். சரி, அதற்குள் கணக்கு ஃபைலைத் திறப்போம் என்று அங்கே ஒரு கிளிக். ஒவ்வொரு கிளிக்கும் லாரி டிரைவருக்குப் போன் போட்டு 'அப்படியே சோலூர்மட்டம் ஒரு எட்டு போயிட்டு வாங்க' என்று சொல்வது போல. அவர் பாதி வழியில் திரும்புவார். மூன்று வேலையும் தனித்தனியாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் ஆகும் நேரத்தைவிட, மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் கூடுதலாக ஆகும். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொல்வதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கை அங்கே இங்கே ஓடாமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் தட்டும் இல்லை, கையும் இல்லை, எல்லாம் சிப். எந்த மூலையில் இருப்பதையும் ஒரு செகண்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடும். வளைவே இல்லாத மலை.

மாமாவின் மூன்று கலம்

நோட்டில் இருந்தது இது. முதல் கலத்தில் பெரும்பாலும் 12 செகண்ட். இரண்டாவதில் 2 நிமிடம் சொச்சம். மூன்றாவதில் ஆறு, ஆறரை நிமிடம். கொழுந்து எடை போடும் ரெஜிஸ்டர் போலவே நேர்க்கோடு கிழித்து, கூட்டுத்தொகைக்குக் கீழே ரெட்டைக் கோடும் போட்டிருந்தார்.

முதல் கலம் பயாஸின் நேரம். 12 செகண்ட் என்பது பழைய மெஷினுக்கு நல்ல எண், அங்கே நோய் இல்லை. இந்தக் கலம் நீண்டால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, விண்டோஸ் அப்போது இன்னும் மேடைக்கே வரவில்லை. பென் டிரைவையோ மெமரி கார்டையோ மாட்டியபடி விட்டிருக்கலாம். சில மெஷின்கள் முதலில் அதில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடும். அல்லது டிஸ்கே பதில் சொல்லத் தாமதிக்கலாம். மதர்போர்டில் பட்டன் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் மெஷின் தேதியை மறந்துவிடும். சில மெஷின்கள் எஃப் 1 அழுத்தச் சொல்லி அப்படியே நிற்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் வெப்சைட்கூட 'பாதுகாப்பில்லை' என்று துரத்தும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தக் கோளாறுக்காக மெஷினையே தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றில் விண்டோஸோடு, அதே வேலையைச் செய்யும் லினக்ஸும் இருக்கும். ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'எது வேண்டும்' என்று கேட்டுச் சில செகண்ட் காத்திருக்கும். ஹேங் ஆகிவிட்டது என்று அங்கேயே ஆஃப் செய்பவர்கள் உண்டு. அம்புக்குறியால் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும்.

இரண்டாவது கலம் கெர்னல், டிரைவர்கள், சர்வீஸ்கள். சுழலும் டிஸ்கில் 2 நிமிடம் என்பது வழக்கம்தான். இங்கே நாம் செய்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமை மட்டும் இந்தக் கலத்தில் 19 நிமிடம். ஓரத்தில் 'முன்தினம் இரவு கரண்ட் கட்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது கலம்தான் விஷயம். பாஸ்வேர்டு போட்டாச்சு, டெஸ்க்டாப் வந்தாச்சு, படம் தெரிகிறது, ஐகான்கள் தெரிகின்றன. ஆனால் மெஷின் தயாராகவில்லை. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டால் வியாபாரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமா? உள்ளே இன்னும் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். சில சர்வீஸ்களைத் 'தாமதமாகத் தொடங்கு' என்று விண்டோஸே குறித்து வைத்திருக்கும். மற்றவை எழுந்து சுமார் 2 நிமிடம் கழித்துத்தான் அவை எழும். அதே நேரத்தில் ஆன்ட்டிவைரஸ் தன் சோதனையைத் தொடங்கும், அப்டேட் இருக்கிறதா என்று விண்டோஸ் தேடும், ஃபைல்களைப் பட்டியல் போடும் நிரல் பட்டியல் போடும். இவற்றோடு, நாம் என்றோ ஒருநாள் இன்ஸ்டால் செய்து மறந்துபோன நிரல்களும் 'நானும் கூடவே எழுவேன்' என்று வரிசையில் நிற்கும்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள மெஷின் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியில் அந்த வரிசை முழுவதும் இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு சுமை என்பதும் பக்கத்திலேயே இருக்கும். மாமாவின் மெஷினில் 14 பெயர்கள். பேரன் காலத்து மீட்டிங் ஆப், கேம் ஒன்று, என்றோ விற்றுவிட்ட பிரிண்டருக்கான மென்பொருள், பாட்டு ஆப் இரண்டு. போதாததற்கு இரண்டு ஆன்ட்டிவைரஸ். இரண்டு ஆன்ட்டிவைரஸ் வைப்பது இரட்டைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று தொடும் ஃபைலை மற்றொன்று சோதிக்கும், மெஷின் நடுவில் நசுங்கும். ஒன்று போதும்.

"கவாத்து பண்ணணும்கிறீங்க," என்றார் மாமா. அதைவிடச் சரியான சொல் எனக்கும் தோன்றவில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வேரோடு பிடுங்குவதில்லை. அதே மாதிரி இங்கேயும் 'டிசேபிள்' கொடுத்தால் அந்த நிரல் அழியாது. தானாக எழுவதை மட்டும் நிறுத்தும், வேண்டும்போது நாம் திறந்துகொள்ளலாம். டச்பேட், சவுண்டு, மிச்சம் வைத்த ஒரு ஆன்ட்டிவைரஸ் இவற்றைத் தொடாதீர்கள். பெயர் புரியாததை வெட்டாமல் விடுங்கள். 14 பெயர் 4 ஆனது, மூன்றாவது கலம் ஆறரையிலிருந்து மூன்றுக்கு வந்தது.

அதற்குக் கீழே ஏன் வரவில்லை என்றால், ரேம் 2 ஜி.பி.தான். மேசை சின்னது. வைக்க இடமில்லாதபோது விண்டோஸ் சிலவற்றை எடுத்துத் தற்காலிகமாக டிஸ்கில் வைக்கும், மறுபடி தேவைப்பட்டால் எடுத்து வரும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் அதே டிஸ்கில்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

இது பலருக்கும் தெரியாத ஒன்று. ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் முழுக்க மறந்துவிடும், ரீஸ்டார்ட் என்பது சும்மா ஒரு கண்சிமிட்டல் என்றுதான் நினைப்போம். விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து நிலைமை தலைகீழ். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வேலை செய்யும் மெஷினில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் நிரல்களை மூடிவிட்டு, கெர்னலும் டிரைவர்களும் இருக்கும் நிலையை அப்படியே ஒரு ஃபைலாக டிஸ்கில் எழுதிவைத்து அணைந்துவிடும். அடுத்த நாள் அதே ஃபைலை வரிசையாக ரேமுக்கு இழுத்துக்கொள்ளும். ஒரே ஷெட்டிலிருந்து ஒரே நடை, அதனால் வேகம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும்.

எனவே வைஃபை பிடிக்கவில்லை, சவுண்டு வரவில்லை, ஏதோ கிறுக்குத்தனமாக நடக்கிறது என்றால் தினமும் ஷட் டவுன் செய்து பயனில்லை, அந்தக் கிறுக்கும் ஃபைலில் சேர்ந்து பத்திரமாக இருக்கும். ரீஸ்டார்ட் கொடுங்கள். அது வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் பயப்படாதீர்கள், எடுக்கத்தான் வேண்டும்.

மலையில் இருப்பதால்

'உயரத்துல ஹார்ட் டிஸ்க் ஒழுங்கா வேலை செய்யாதாமே' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. படிக்கும் கை தட்டைத் தொடாமல் மிதப்பதற்குக் காரணமே தட்டின் சுழற்சியில் எழும் காற்று மெத்தைதான். சாதாரண டிஸ்கில் வெளிக்காற்று போய்வரச் சின்னத் துளை வைத்திருப்பார்கள். உயரம் கூடக்கூடக் காற்று லேசாகும், மெத்தை மெலியும், கை தட்டில் உரசும் ஆபத்து வரும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீட்டர் அளவில் ஒரு எல்லை குறிக்கிறார்கள். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ உயரத்தின் மேல் பழி போட வழியில்லை.

குளிரின் மேல் கொஞ்சம் போடலாம். தட்டைச் சுழற்றும் மோட்டாரின் பேரிங்கில் எண்ணெய் இருக்கிறது. தை மாதம் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் இரவுகளில், ஜன்னலோரம் கிடந்த லேப்டாப்பில் அந்த எண்ணெய் தடித்துப்போயிருக்கும், தட்டு வேகம் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஈரம். ராத்திரி முழுக்க ஜீப்பில் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்தால், கண்ணாடி போட்டவர்கள் டீக்கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடியில் படியுமே, அதே நீராவி மதர்போர்டின் மேலும் படியும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் போல அப்படியே வைத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும் முன்னாலேயே காட்ட வேண்டிய பொறுமை இது.

இப்போது அந்த 19 நிமிட வியாழக்கிழமை. மழைக் காற்றில் எங்கோ மரம் சாய்ந்து லைன் அறுந்து, கரண்ட் போனது. லேப்டாப்தானே, பேட்டரி இருக்குமே என்பீர்கள். மாமாவின் மெஷினில் பேட்டரி செத்து நாளாகிவிட்டது, சார்ஜரில்தான் ஓட்டம். டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றிருக்கிறது. பாதி எழுதிய வவுச்சரோடு கணக்கப்பிள்ளை எழுந்து போனால் மறுநாள் வருபவர் புத்தகம் முழுவதையும் சரிபார்த்துவிட்டுத்தானே புது வரவு எழுதுவார்? விண்டோஸும் அதைத்தான் செய்தது. டிஸ்கில் எங்காவது கணக்கு இடிக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு எழுந்தது. சதவீத எண் ஒன்று திரையில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும், நடு நடுவே நின்றுவிட்டது போலவும் தோன்றும்.

பட்டனை நாலு தடவை அமுக்கியபோது மாமா செய்ததும் இதே கரண்ட் கட்தான், கையால் செய்த கரண்ட் கட். சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அமுக்கினால் அடுத்த முறை சோதனை மறுபடியும் தொடங்கும், இந்தத் தடவை பார்க்க வேண்டியது இன்னும் கூடியிருக்கும். அப்டேட் நடக்கும்போது 'அணைக்காதீர்கள்' என்று திரையே கெஞ்சும். பழைய டிஸ்கில் பெரிய அப்டேட் ஒரு மணி நேரம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. மழைக்காலத்தில் அப்டேட்டைக் கையால் தொடங்குவதாக இருந்தால் வானத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யூ.பி.எஸ்., லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு உயிருள்ள பேட்டரி, மலையில் இரண்டும் ஆடம்பரம் அல்ல.

எதுவரை பொறுப்பது

விளக்கு துடித்தால் காத்திருங்கள், டிஸ்க் எதையோ படித்துக்கொண்டிருக்கிறது. விளக்கு இல்லாத மெஷின் என்றால் காதை வைத்துக் கேளுங்கள், சுழலும் டிஸ்கில் மெல்லிய கரகரப்பு கேட்கும். விளக்கும் துடிக்கவில்லை, வட்டமும் உறைந்துவிட்டது, கீபோர்டில் கேப்ஸ் லாக் தட்டினால் அதன் விளக்கும் மாறவில்லை, இப்படியே கால் மணி நேரம் போய்விட்டது என்றால் அப்போது பட்டனை அழுத்திப் பிடிக்கலாம். அதுவும் ஒரே ஒரு தடவை.

பொறுக்கவே கூடாத ஒன்று உண்டு. டிஸ்கிலிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே சீராகத் தட்டுவது போல் சத்தம் வந்தால், கை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். சரியாகிவிடும் என்று ஆன் செய்து ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் கல்யாண போட்டோக்கள் கொஞ்சம் கொஞ்சமாக எட்டாத இடத்துக்குப் போகின்றன. சத்தமில்லாமல், ஆனால் வாரத்துக்கு வாரம் கலத்தின் எண் ஏறிக்கொண்டே போனாலும் டிஸ்க் தளர்கிறது என்று சந்தேகிக்கலாம். முதலில் முக்கியமானவற்றை வேறிடத்தில் காப்பி எடுங்கள், சர்வீஸ் அதற்குப் பிறகு.

மாமாவிடம் எஸ்.எஸ்.டி. மாற்றச் சொன்னேன். பழைய மெஷினுக்குச் செய்யும் செலவில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் கட்சி. பிராசஸரை மாற்ற முடியாது, ஸ்கிரீனை மாற்றிப் பயனில்லை. பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே புதியதில் பிரதி எடுத்து, அதே இடத்தில் பொருத்தி, புது பேட்டரியும் போட்டோம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் அடுத்து லினக்ஸ் போடலாமா என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. அது இன்னொரு நாள் கதை.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் அவர் நோட்டு எழுதுவதை நிறுத்தவில்லை. போன வாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது காட்டினார். மூன்று கலமும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள். நடுவில் ஒரே ஒரு நாள் முதல் கலத்தில் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'லோகோவுடன் நின்றது. பேத்தியின் பென் டிரைவ் மாட்டியிருந்தது. எடுத்ததும் சரி. கடைக்குப் போகவில்லை.'